அக்காவின் அறையை நான் சூடாக்கிய விதம்

அந்த முடிவை எடுத்தபோது வீட்டில் மூன்று பேர் இருந்தோம்: அப்பா, அம்மா, நான். அக்கா இருக்கவில்லை; இரண்டு நாள் முன்பு பிறந்த மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அத்தானும் இருக்கவில்லை; பிள்ளையின் முகம் பார்க்க வந்து ஒரு நாள் நின்றுவிட்டு, கிறைஸ்ட்சர்ச்சில் பாதியில் விட்டு வந்த கட்டட வேலைக்குத் திரும்பியிருந்தார். அந்த அறை அக்காவுக்கும் பிள்ளைக்கும்தான். அவர்களுக்காக முடிவெடுத்தவன் நான்.

ஜூலை மாதத்து ஞாயிறு, இங்கே நடுக் குளிர்காலம். மவுண்ட் ரோஸ்கில்லில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பலகை வீட்டுக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். முன்னறையான ஹோலின் சுவரில், வீட்டைச் சூடாக்க வீட்டுக்காரர் பொருத்திக் கொடுத்த ஹீட் பம்ப் இருந்தது. அதன் மேல் அம்மா ஒரு பழைய மேசைவிரிப்பைப் போட்டு மூடியிருந்தா. முந்தின குளிர்காலத்தில் ஒரு மாதம் அதைப் பாவித்து, வந்த பில்லைப் பார்த்துப் பயந்து நிறுத்தியதிலிருந்து அது அப்படித்தான் இருந்தது.

நாங்கள் பாவித்த விதத்தையும் சொல்ல வேண்டும். முப்பதில் வைத்தால் கெதியாகச் சூடாகும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். முப்பதில் வைப்போம், வியர்க்கத் தொடங்கியதும் நிறுத்துவோம், குளிர்ந்ததும் மறுபடி முப்பது. இருபதில் வைத்தாலும் முப்பதில் வைத்தாலும் இருபது பாகை வரை அது ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஏறும் என்பதும், தூசியை வடிக்கும் அதன் வலைத்தட்டைக் கழுவ வேண்டும் என்பதும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வலைத்தட்டு ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது.

"நாளைக்கு அவள் வந்திடுவாள்," என்றா அம்மா. "பின் அறை ஐஸ் மாதிரி கிடக்கு."

பின் அறை தெற்குப் பக்கம். பூமியின் தென்பாதியில் கிடக்கும் இந்த நாட்டில் தெற்குப் பக்கத்து யன்னலுக்கு வெயில் வராது. ஆனால் தலைப்பிள்ளை பெற்றவள் முப்பத்தொரு நாள் துடக்கு, பிள்ளைப்பேற்றுத் தீட்டு, கழியும்வரை தாய் வீட்டில் இருக்க வேண்டும், எங்களிடம் மிச்சமாக இருந்ததும் அந்த அறைதான்.

"ஹோலிலயே படுக்கட்டுமே," என்று அம்மாவே சொன்னா. "மெசின் இஞ்சதானே இருக்கு."

"ஆக்கள் வந்து போற இடத்தில பச்சை உடம்புக்காரி படுக்கிறதோ?" என்றார் அப்பா. பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இந்தப் பார்வையை நான் விளக்கியாக வேண்டும். அப்பா எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அம்மா அதுவரையும் போகவில்லை. அக்கா இங்கே வந்து இறங்கியபோது அவளுக்குப் பதினேழு வயது. ஆங்கிலம் வரவில்லை என்று ஒரு வருடத்தில் பள்ளியை விட்டு, பாண் சுடும் வெதுப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தச் சம்பளம் என் படிப்புக்கும் வந்தது. பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்போது எஞ்சினியரிங் இரண்டாம் வருடம். வங்கிக் கடிதம், விசாப் படிவம், அப்பாவின் முழங்கால் எக்ஸ்-ரே, சலவை இயந்திரத்தில் எரியும் சிவப்பு விளக்கு, எல்லாவற்றுக்கும் நான்தான். தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அந்த வீட்டில் வரவே இல்லை.

"ஹீட் பம்ப் எண்டது பிரிட்ஜ் மாதிரி, அப்பா," என்றேன். "கொம்பிரசர் ஓடிக்கொண்டே இருக்கும். இரவு பகலா ஓடினா எவ்வளவு கரண்ட் இழுக்கும்?"

"அதுதானே."

"அதைவிடச் சின்ன அறைக்கு ஒரு காஸ் ஹீட்டர் காணும். கதவைச் சாத்தி, யன்னல் இடுக்கெல்லாம் அடைச்சுவிட்டா, சூடு எங்க போறது?"

தபாலில் வந்த பீட்சா விளம்பரத்தின் பின்பக்கத்தில் படமும் கீறிக் காட்டினேன். ஒரு பெட்டி, உள்ளே சின்ன அம்புக்குறிகள், வெளியே போக வழியில்லாமல். அப்பா அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அன்று மாலையே, தன்னோடு பஸ் டிப்போவில் வேலை செய்து அவுஸ்திரேலியாவுக்குப் போகவிருந்த ஒருவரிடமிருந்து சில்லு வைத்த காஸ் ஹீட்டரை எண்பது டொலருக்கு வாங்கி வந்தார். முதல் சிலிண்டரை நிரப்ப நாற்பத்திரண்டு டொலர் பிடித்தது.

அதற்குப் புகைபோக்கி கிடையாது. எரிவதெல்லாம் அறைக்குள்ளேயே நிற்கும். அதை நான் ஒரு வசதியாக அம்மாவுக்குச் சொன்னேன். "ஒரு துளிச் சூடும் வெளியில போகாது."

அக்கா வந்தாள். அறை உண்மையாகவே சூடாக இருந்தது. கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பரவாயில்லையடா. நான் பாண் சுட்ட காசு வீணாப் போகேல்லை."

யன்னல் மேல்பக்கத்துக் காற்றுத் துளைகளை நான் டேப் ஒட்டி அடைத்திருந்தேன். கதவின் கீழே சுருட்டிய துவாய். சூடு அங்கேதானே என்று பிள்ளையின் துணிகளைக் காயப்போடும் கம்பியும் அந்த அறைக்குள் வந்தது. ஒவ்வொரு நாளும் அம்மா பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து அக்காவை முழுக வார்த்து, கூந்தலுக்குச் சாம்பிராணி பிடித்து, அதே புகையில் பிள்ளையின் துணியைக் காட்டி எடுத்துச் சுற்றுவா. அதற்கும் கதவு திறக்கக் கூடாது. பனி பட்டால் தாய்க்குச் சன்னி, பிள்ளைக்குத் தடிமன். அம்மாவின் ஊர் வழக்கமும் எனது பெட்டிப் படமும் இப்படி ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்திக்கொண்டன. அந்த வழக்கம் வெயிலில் வெந்த, ஓட்டு இடுக்காலும் யன்னல் கம்பியாலும் காற்றோடிய வீட்டுக்கு உரியது. அதை யோசிக்க வேண்டியவன் நான். யோசிக்கவில்லை.

அக்கா வந்த மூன்றாம் நாள் காலையில் யன்னல் கண்ணாடி அழுதுகொண்டிருந்தது. நான் ஒரு பழைய ரீசேர்ட்டால் துடைத்துப் பிழிந்தேன். அரைக் கோப்பை தண்ணீர்.

"இதென்ன, மழையே உள்ளுக்க?" என்றாள் அக்கா.

"வெளிக்குளிர் கண்ணாடியில படுறது," என்றேன். அது அரை உண்மை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு வாரத்தில் தொட்டிலுக்குப் பின்னால் சுவரில் மிளகு தூவினது போலக் கரும்புள்ளிகள் வந்தன. பூஞ்சணம். அம்மா துடைத்தா, மறுபடி வந்தது. அக்கா அடிக்கடி தலையிடி என்றாள். பச்சை உடம்பு, நித்திரை இல்லை, அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னோம்.

பன்னிரண்டாம் நாள் எனக்குத் தெரிந்துவிட்டது.

அது ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பில் கொடுத்த பயிற்சிக் கணக்கு. ஒரு கிலோ புரொப்பேன் முழுமையாக எரிந்தால் எத்தனை கிலோ நீராவி வரும்? எளிய கணக்கு. ஒன்று தசம் ஆறு சொச்சம். பக்கத்தில் இருந்தவனுக்கு முன்னமே முடித்துப் பேனையை வைத்தேன். வைத்த பிறகுதான் கை மறுபடி பேனையை எடுத்து, யாரும் கேட்காத இன்னொரு வரியை எழுதியது. எங்கள் சிலிண்டரில் இருப்பதும் அந்தக் காஸ்தான், ஒன்பது கிலோ. ஒன்பது கிலோ எரிந்தால் பதினான்கு லிட்டருக்கு மேல் தண்ணீர். அதுவரை இரண்டு சிலிண்டர் முடிந்து, மூன்றாவது எரிந்துகொண்டிருந்தது.

பிள்ளை படுக்கும் அறைக்குள், டேப் ஒட்டி அடைத்துவிட்டு, வாளி வாளியாக நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வெட்கமான விடயம் இன்னொன்றும் உண்டு. ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளியே இருப்பதை உள்ளே கொண்டுவருகிறது. ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் தர முடியும். இதை நான் முதல் தவணைப் பரீட்சையிலேயே எழுதி முழுப் புள்ளியும் வாங்கியிருந்தேன். வினாத்தாளில் இருந்த அந்தப் பெட்டிதான் எங்கள் ஹோல் சுவரில் மேசைவிரிப்புப் போர்த்தித் தொங்குகிறது என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. நான் ஆங்கிலத்தில் படித்தது வகுப்பறையிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்குள் அப்பாவுக்குப் பிடித்த மாதிரி எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டிய வசனத்தை மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். படலையைத் திறக்கும்போது அப்பா வெளியில் நின்று தொலைபேசியில் பெரியப்பாவோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லை அண்ணை, ஹீட் பம்ப்பைப் போட்டுக் காசைக் கரியாக்காதேங்கோ. தம்பி எனக்குப் படம் போட்டு விளங்கப்படுத்தினவன். நிண்டு கேளுங்கோ, சொல்லுறன்." சட்டைப் பையிலிருந்து அந்தப் பீட்சாத் தாளை எடுத்து விரித்தார்.

நான் அவரைக் கடந்து உள்ளே போய்க் கை கழுவினேன்.

சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாகக் களவாகச் சில வேலைகள் செய்தேன். யன்னல் மேல்துளையின் டேப்பை ஒரு பக்கம் உரித்துவிட்டேன். அம்மா பார்த்து ஒட்டிவிட்டா. யன்னலை ஒரு விரற்கடை திறந்தேன்.

"என்ன தம்பி, பனி அடிக்குது. பிள்ளைக்கெல்லே."

"சும்மா, மணக்குது எண்டு," என்றேன்.

அவவுக்கு ஒரு நிமிடம் இருந்து விளக்கியிருந்தால் விளங்கியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தின் முடிவில் "அப்ப நீ ஏன் அண்டைக்கு அப்பிடிச் சொன்னனி?" என்று கேட்பா. அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்தேன்.

இதைவிட மோசமான ஒன்றையும் செய்தேன். தாயையும் பிள்ளையையும் பார்க்கும் மருத்துவச்சி, மிட்வைஃப், வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா அக்காவையும் பிள்ளையையும் ஹோலுக்குக் கூட்டிவருவா. விருந்தாளியைப் படுக்கையறைக்குள் விடுவதா என்ற யோசனை. மிட்வைஃப் ஒரு தடவை போர்த்தியிருந்த ஹீட் பம்ப்பைப் பார்த்து, "அது வேலை செய்யவில்லையா?" என்று கேட்டா. அம்மா புன்னகையோடு, "வேர்க்கிங், வேர்க்கிங்," என்றா. பிள்ளை படுக்கும் இடத்தை அடுத்த முறை பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவ போனா.

அந்த அடுத்த முறை பதினாறாம் நாள். காலையில் எழும்பி, சுவரைப் பிளீச் போட்டுத் துடைத்தேன். அரை மணித்தியாலம் யன்னலை அகலத் திறந்து வைத்தேன். துணிக்கம்பியை மடித்தேன். கடைசியாக, காஸ் ஹீட்டரை உருட்டிக்கொண்டு போய்க் கராஜில் வைத்தேன்.

"அது ஏன்?" என்றா அம்மா.

"அவ இருக்க இடம் வேணுமெல்லோ."

பிறகு வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்தேன். அவ வந்து, அறை நன்றாக இருக்கிறது, கொஞ்சம் குளிராக இருக்கிறது, ஹோலில் இருக்கும் மெசினைப் போட்டுக் கதவைத் திறந்து விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனதாக அக்கா பின்னேரம் சொன்னாள். ஹீட்டர் அதற்குள் பழைய இடத்துக்கு வந்து எரிந்துகொண்டிருந்தது. அம்மாவே உருட்டி வந்திருந்தா.

"குளிராம் எண்டு சொல்லுறா. இருந்த ஹீட்டரைக் கொண்டுபோய் ஒளிச்சு வச்சா குளிராதே?" என்று அம்மா என்னை ஏசினா. ஒளித்து வைத்தது என்ற சொல்லை அவ விளையாட்டாகத்தான் சொன்னா.

இருபதாம் நாள் மத்தியானம் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். பிள்ளை காலையிலிருந்து பால் குடிக்கவில்லை, இருமுகிறது, மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே போய் வருகிறது என்றாள். குரலை மிகவும் நிதானமாக வைத்துக்கொண்டாள். அவள் நிதானமாகக் கதைத்தால்தான் எனக்குப் பயம்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் மூக்கில் சிறிய குழாய் இருந்தது. அப்பா வேலை உடுப்போடு சுவரில் சாய்ந்து நின்றார். ஓர் இளம் டொக்டர் வந்து, கட்டில் விளிம்பில் இருந்து, ஒவ்வொன்றாகக் கேட்டா. வீட்டில் யாருக்காவது தடிமனா? அப்பாவுக்கு இருந்தது. யாராவது புகைப்பார்களா? இல்லை. பிள்ளை படுக்கும் அறையை எப்படிச் சூடாக்குகிறீர்கள்?

அப்பா முந்திக்கொண்டார். "காஸ் ஹீட்டர். வெரி குட். மை சன் எஞ்சினியர்." என் தோளில் கையும் வைத்தார்.

டொக்டர் என்னைப் பார்த்தா. அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இது வைரஸ், அப்பாவின் தடிமனிலிருந்து வந்திருக்கலாம், பல பிள்ளைகளுக்கு வருகிறது, ஹீட்டர் வைரஸைக் கொண்டுவராது என்றா. ஆனால் மூடிய அறைக்குள் அது எரியும்போது ஈரலிப்பும் புகையும் இந்தச் சின்ன நெஞ்சுக்கு மிகவும் கஷ்டம். மூடிய அறையில் காற்று நஞ்சாகவும் கூடும், தாய்க்குத் தலையிடி வந்ததா என்று கேட்டா. அக்காவுக்கு ஆங்கிலம் இப்போது நன்றாக வரும். அவள் மெதுவாகத் தலையசைத்தாள்.

"என்னவாம்?" என்றா அம்மா என்னிடம்.

மொழிபெயர்ப்பது என் வேலை. வைரஸ் என்ற பாதியோடு நிறுத்திவிட எனக்கு வழி இருந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் சொன்னேன். சொல்லி முடிந்ததும், டொக்டர் சொல்லாததையும் சொன்னேன். "எனக்கு இது தெரியும், அம்மா. எட்டு நாளா. மிட்வைஃப் காணக்கூடாதெண்டுதான் ஹீட்டரைக் கராஜுக்குக் கொண்டுபோனனான்."

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கிவிட்டது. தோளில் இருந்த கையை எடுத்தார். ஆனால் அவர் பேசியது எனக்காகத்தான்.

"பிள்ளை இன்னும் படிச்சு முடிக்கேல்லைத்தானே," என்றார் அக்காவிடம். "முடிச்சா இப்பிடிப் பிழை விடமாட்டான்."

"பிழை விட்டதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை, அப்பா." அக்காவின் கை தொட்டிலுக்குள் பிள்ளையின் காலைப் பிடித்தபடியே இருந்தது. "தெரிஞ்ச பிறகும் வாயைத் திறக்கேல்லை. நான் அந்த அறைக்குள்ள படுத்திருக்க இவன் தினமும் வந்து தண்ணி துடைச்சுப்போட்டுப் போறான்."

அதற்குப் பிறகு என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அத்தான் அடுத்த நாள் விமானத்தில் வந்தார். என்னிடம், "சாப்பிட்டியா மச்சான்?" என்று மட்டும் கேட்டார். ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் பிள்ளையின் மூக்குக் குழாயைக் கழற்றினார்கள். அது பால் குடித்து, ஏவறை விட்டு, எல்லோரையும் அழவைத்தது. மருந்துச் சீட்டுகளை வாங்கிக்கொண்டு கீழே வந்தபோது அத்தான் காரை வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார். கார் எங்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஹில்ஸ்பரோவில் இருக்கும் அத்தானின் சின்னம்மா வீட்டுக்குப் போனது.

"அங்க ஹீட் பம்ப் எந்த நேரமும் ஓடுது," என்று அக்கா அம்மாவிடம் சொன்னாள். "குறை நினையாதேங்கோ, அம்மா."

"ஓம் பிள்ளை. பிள்ளைதான் முக்கியம்," என்றா அம்மா. துடக்குக் கழிவும் அங்கேதான் நடந்தது. தாய் வீட்டில் தொடங்கியதை வேறு வீட்டில் முடித்தது ஏன் என்று வந்த சனம் கேட்டபோது, எங்கள் வீட்டில் அக்காவுக்கும் பிள்ளைக்கும் இடம் காணாது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்ததை நான் பாயாசக் கோப்பைகளோடு நின்று கேட்டேன். என் பெயர் எங்கேயும் வரவில்லை.

வீட்டில் மேசைவிரிப்பை எடுத்துவிட்டு ஹீட் பம்ப்பைத் திறந்தேன். வலைத்தட்டில் தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. கழுவிக் காயவைத்துப் போட்டேன். இருபதில் வைத்து, கை வைக்காமல் விடவேண்டும். காலையிலும் பின்னேரமும் பத்து நிமிடம் எல்லா யன்னலையும் திறக்கவேண்டும், ஈரக்காற்றைச் சூடாக்குவதுதான் கூடச் செலவு என்று அம்மாவுக்குச் சொன்னேன். இந்த முறை இருந்து, ஏன் என்பதையும் சொன்னேன்.

"அப்ப நீ ஏன் அண்டைக்கு அப்பிடிச் சொன்னனி?" என்று கேட்டா.

"தெரியாமல் சொன்னனான்."

"தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே," என்றா, உள்ளி உரித்துக்கொண்டே, கோபமில்லாமல்.

அந்த மாதம் முழுவதும் அம்மா ஹீட் பம்ப்பை நிறுத்தவே இல்லை. பின் அறைக் கதவைத் திறந்து வைத்து, துணிகளை வெளியே கராஜ் கூரையின் கீழே காயப்போட்டு, சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தா. அக்கா வந்து தங்கக்கூடும் என்று நினைத்தா. அக்கா இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஹோலில் இருந்து தேநீர் குடித்தாள், பிள்ளையை அம்மாவின் மடியில் விட்டாள், ஒரு மணித்தியாலத்தில் எழும்பினாள். பின் அறைக்குள் அவள் போகவில்லை.

கரண்ட் பில் எனது மின்னஞ்சலுக்குத்தான் வரும். அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டு எதிரில் வந்து இருந்தார். இரவு பகலாக ஓடியதே, காஸ் எரித்த மாதத்தைவிட எவ்வளவு கூட வந்திருக்கிறது என்று கேட்டார். இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காஸுக்கு மட்டும் மூன்று சிலிண்டர், நூற்று இருபத்தாறு டொலர் போயிருந்தது. நம்பாமல் இன்னொரு தடவையும் பார்த்தேன்.

"எழுபத்து நாலு டொலர்தான் கூட, அப்பா."